காந்தம் எங்கே தொடுகிறது? மூன்று வில்லைகளில் மீக்கடத்தியைச் சோதிக்கும் முறை

மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் மீக்கடத்துத்திறனும், இரும்பில் இருப்பது போன்ற ஃபெர்ரோகாந்தமும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரி பாதி உண்மைதான். மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இணை இணையாகச் செல்கின்றன. இணையில் ஒன்றின் ஸ்பின், அதாவது எலக்ட்ரானின் சிறு காந்தத் திசை, மேல்நோக்கி இருந்தால் மற்றதன் ஸ்பின் கீழ்நோக்கி இருக்கும். ஃபெர்ரோகாந்தமோ எல்லா ஸ்பின்களையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். இந்த மோதலை 1956இல் முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் இயற்பியலாளர் விட்டாலி கின்ஸ்பர்க். 1958இல் இயற்பியலாளர் மத்தியாஸின் குழுவினர் மீக்கடத்தும் உலோகமான லாந்தனத்தில், வலுவான காந்த அணு கொண்ட கடோலினியத்தை நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கலந்தார்கள். சுமார் 6 கெல்வினில் வரும் மீக்கடத்துத்திறனில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது.

1987இல் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு என்ற மீக்கடத்தி வந்தது. அதில் இட்ரியத்தை முழுவதும் எடுத்துவிட்டு, அதே கடோலினியத்தை நூற்றுக்கு நூறு வைத்தார்கள். மீக்கடத்துத்திறன் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலை 92 கெல்வினுக்கு அருகிலேயே நின்றது. லாந்தனத்தில் ஒரு சதவீதம் செய்த நாசத்தை இங்கே நூறு சதவீதமும் செய்யவில்லை. காந்தத்தின் வலிமையும் அருகாமையும் முக்கியமல்ல. காந்த அணுவின் எலக்ட்ரான் இணை எலக்ட்ரான்களோடு கலக்கிறதா என்பதே முக்கியம். இதைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள ஒரு முதுகலை இயற்பியல் ஆய்வகத்திலேயே திரவ நைட்ரஜனும் ஓர் உலையும் கொண்டு நேரில் பார்த்துவிடலாம். அதற்கான வழிமுறை இது.

மூன்று வில்லைகள் எதற்கு

ஆய்வகத்தில் பெல்லட் என்று சொல்லும் வில்லையில் மூன்று வகை வேண்டும். முதலாவது இட்ரியம்-123. இட்ரியம், பேரியம், செம்பு அணுக்கள் 1:2:3 விகிதத்தில் இருப்பதால் இந்தப் பெயர். ஒப்பிடுவதற்கான அடிப்படை இதுதான். இரண்டாவது கடோலினியம்-123. வலுவான காந்த அணு இதில் உண்டு, ஆனால் அது தனி அடுக்கில் இருக்கிறது. மூன்றாவதில் செம்பு அணுக்களில் நூற்றுக்கு மூன்றை மட்டும் துத்தநாகமாக மாற்றுகிறோம். துத்தநாகத்துக்குக் காந்தம் கிடையாது, ஆனால் அது மீக்கடத்தும் செம்பு-ஆக்சிஜன் தளத்துக்குள்ளேயே போய் உட்காரும்.

123 படிகத்தைச் செங்குத்தாக வெட்டினால் வரிசை இப்படி வரும்: செம்பு-ஆக்சிஜன் சங்கிலி, பேரியம் ஆக்சைடு, செம்பு-ஆக்சிஜன் தளம், இட்ரியம், மறுபடி தளம், பேரியம் ஆக்சைடு. ஓர் அலகுக் கூட்டின் உயரம் சுமார் 1.17 நானோமீட்டர். இட்ரியத்தின் இடத்தில் நிற்கும் கடோலினியம் இரண்டு தளங்களுக்கும் நடுவில், 0.2 நானோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. இருந்தும் அதன் காந்தம் அணுவின் உள்ளே ஆழத்தில் இருக்கும், 4எஃப் என்ற கூட்டின் எலக்ட்ரான்களில் அடங்கிவிடுவதால் தளத்தில் ஓடும் எலக்ட்ரான்களைத் தொடுவதில்லை. இதற்கு எதிர்ச்சாட்சி பிரசியோடிமியம் என்ற இன்னொரு தனிமம். கடோலினியத்தைவிடக் குறைந்த காந்தத் திருப்பம் கொண்டதாக இருந்தும், அதை இட்ரியத்தின் இடத்தில் முழுவதும் வைத்தால் வழக்கமான தயாரிப்பில் மீக்கடத்துத்திறன் வருவதில்லை. அதன் 4எஃப் எலக்ட்ரான்கள் பக்கத்து ஆக்சிஜனோடு கலந்துவிடுவதே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

எடை

ஒவ்வொன்றிலும் 10 கிராம் கிடைக்க, 99.9 சதவீதத் தூய்மையுள்ள பொடிகளை இந்த அளவில் எடுங்கள்.

இட்ரியம்-123: இட்ரியம் ஆக்சைடு 1.695 கிராம், பேரியம் கார்பனேட் 5.924 கிராம், குப்ரிக் ஆக்சைடு 3.582 கிராம்.
கடோலினியம்-123: கடோலினியம் ஆக்சைடு 2.468 கிராம், பேரியம் கார்பனேட் 5.373 கிராம், குப்ரிக் ஆக்சைடு 3.249 கிராம்.
துத்தநாகம் சேர்ந்தது: இட்ரியம் ஆக்சைடு 1.694 கிராம், பேரியம் கார்பனேட் 5.923 கிராம், குப்ரிக் ஆக்சைடு 3.474 கிராம், துத்தநாக ஆக்சைடு 0.110 கிராம்.

நம் ஊரில் தப்பு முதலில் நடப்பது இந்த இடத்தில்தான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கிடைக்கும் மாவட்டம் இது; கடற்காற்று வேறு. இட்ரியம், கடோலினியம் போன்ற அருமண் தனிமங்களின் ஆக்சைடுகள் ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சிக்கொள்ளும். பாட்டிலில் இருந்து அப்படியே எடுத்து நிறுத்தால் நிறுக்கும் எடையில் ஒரு பங்கு தண்ணீராகப் போய்விடும், கலவை விகிதம் தவறிவிடும். இட்ரியம் ஆக்சைடையும் கடோலினியம் ஆக்சைடையும் 900 டிகிரி செல்சியசில் சில மணி நேரம் சுட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர் என்ற ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, ஆறியவுடன் நிறுங்கள். மற்ற பொடிகளுக்கு 200 டிகிரி போதும். தை முதல் பங்குனி வரை உள்ள காய்ந்த நாட்களில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

பேரியம் கார்பனேட் நஞ்சு. வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். மேசையைத் துடைத்த துணியையும் கழிவாகவே கருதுங்கள்.

அரைத்தலும் சுடுதலும்

அகேட் என்ற கடினக் கல்லால் ஆன உரலில் ஒரு கலவைக்குக் குறைந்தது 45 நிமிடம் அரைக்க வேண்டும். சில துளி அசிட்டோன் விட்டால் பொடி பறக்காது. ஆனால் அசிட்டோன் ஆவியாகும்போது உரல் குளிரும். ஈரக்காற்று அதன் மேல் தண்ணீராகப் படியும். அசிட்டோன் முழுவதும் போன பிறகு பொடியை 100 டிகிரி அடுப்பில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

உரலைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலை ஆய்வு செய்யும் ஆய்வகங்களில் இல்மனைட்டு, கார்னெட் அரைத்த உரலே இதற்கும் கைக்கு வரும். இல்மனைட்டில் இரும்பு உண்டு. இரும்பு செம்பின் இடத்தில் போய் உட்கார்ந்து மாறுநிலை வெப்பநிலையைக் குறைக்கும். அப்போது உங்கள் முடிவில் துத்தநாகத்தின் வேலை எது, இரும்பின் வேலை எது என்று பிரிக்க முடியாது. இந்த வேலைக்கென்று ஓர் உரல் தனியாக இருக்கட்டும். துத்தநாகக் கலவையை எப்போதும் கடைசியில் அரையுங்கள். அந்த மணலில் மோனசைட்டு இருப்பதால் அருமண்களை நாமே பிரித்துக்கொள்ளலாமே என்று யாருக்காவது தோன்றலாம். வேண்டவே வேண்டாம். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, சட்டமும் அதற்கு இடம் தராது. மேலும் அதில் அதிகம் இருப்பது சீரியம், லாந்தனம், நியோடிமியம். நமக்கு வேண்டிய இட்ரியமும் கடோலினியமும் கொஞ்சமே.

பொடியை அலுமினா மூசையில் (சூடு தாங்கும் கிண்ணத்தில்) போட்டு 900 டிகிரியில் 12 மணி நேரம் சுடுங்கள். எடுத்து அரைத்து, 920 டிகிரியில் 24 மணி நேரம். மறுபடி அரைத்து இன்னொரு 24 மணி நேரம். மூசையோடு எடையைக் குறித்துக்கொண்டே வாருங்கள். இட்ரியம் கலவை 11.20 கிராமில் தொடங்கி 10 கிராம் அளவுக்கு இறங்க வேண்டும். 10.2 கிராமுக்கு மேலேயே நின்றால் கார்பனேட் இன்னும் மிச்சம் இருக்கிறது. இன்னொரு சுற்று சுட வேண்டும். பொடி நல்ல கருப்பாக இருக்க வேண்டும். பச்சை தெரிந்தால் அது 211 என்ற, இட்ரியம், பேரியம், செம்பு 2:1:1 விகிதத்தில் உள்ள, மீக்கடத்தாத வேறு சேர்மம். எடை தவறியிருக்கும், அல்லது உலை அளவுக்கு மேல் சூடாகியிருக்கும், அல்லது வினை முடிந்திருக்காது. உலையின் திரையில் வரும் எண்ணை நம்பாமல், மூசைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கே வகை தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் உலோகக் கம்பி இணை) வைத்துப் பாருங்கள்; 20 டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும்.

13 மி.மீ. அச்சில் 2 கிராம் பொடி போட்டு, 4 டன் அழுத்தத்தில் இரண்டு நிமிடம் வைத்து, மெதுவாக விடுங்கள். வேகமாக விட்டால் வில்லையின் மேல்பகுதி மூடிபோலக் கழன்றுவரும். வில்லையை நேராக அலுமினா மேல் வைக்காதீர்கள். பேரியமும் செம்பும் சேர்ந்த உருகல் அலுமினாவை அரித்துவிடும். அதே கலவைப் பொடியைப் பரப்பி அதன் மேல் வையுங்கள். குழாய் உலையில் ஆக்சிஜன் ஓட 930 டிகிரியில் 24 மணி நேரம், பிறகு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 450 டிகிரிக்கு இறக்கி அங்கே 24 மணி நேரம், பிறகு அறை வெப்பநிலைக்கு. ஆக்சிஜன் ரெகுலேட்டரிலும் குழாய் இணைப்பிலும் எண்ணெயோ கிரீசோ தொடக் கூடாது, தீப்பிடிக்கும்.

450 டிகிரியில் ஏன் இத்தனை நேரம் என்று கேட்பார்கள். 930 டிகிரியில் படிகத்தில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், வடிவம் நாற்கோண வகை. சுமார் 700 டிகிரிக்குக் கீழே ஆக்சிஜன் உள்ளே ஏறி, சங்கிலிகள் நிரம்பி, செவ்வக வகைக்கு மாறுகிறது. அந்தச் சங்கிலிகள்தான் தளங்களுக்கு மின்னூட்டத்தைக் கொடுப்பவை. நடுவில் கரண்டு போய் உலை சட்டென்று ஆறிவிட்டால் வில்லை மீக்கடத்தாது. ஆனால் வில்லையை எறிய வேண்டியதில்லை. ஆக்சிஜனில் மறுபடி 450 டிகிரிக்கு ஏற்றி ஒரு நாள் வைத்தால் சரியாகிவிடும். மழைக்காலத்தில் செய்கிறீர்கள் என்றால் 930 டிகிரி கட்டத்தையும் 450 டிகிரி கட்டத்தையும் தனித்தனி நாட்களில் வைத்துக்கொள்வதே நல்லது.

முதல் சோதனை: நூலில் தொங்கும் வில்லை

கடோலினியம் வில்லையை நூலில் தொங்கவிட்டு, வலுவான நியோடிமியம் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அறை வெப்பநிலையில் வில்லை காந்தத்தை நோக்கி மெல்ல இழுபடும். ஒவ்வொரு கடோலினியம் அணுவும் ஏழு இணைசேராத எலக்ட்ரான்களைச் சுமந்திருப்பதன் விளைவு இது. இட்ரியம் வில்லை கண்ணுக்குத் தெரியும் அளவில் அசையாது. இப்போது கடோலினியம் வில்லையைத் திரவ நைட்ரஜனில் மூழ்கவைத்துக் குமிழி அடங்கியதும் எடுத்து, உடனே அதே காந்தத்தைக் காட்டுங்கள். விலகி ஓடும். காந்தத்தை ஏந்திய அதே வில்லை காந்தத்தை வெளியே தள்ளுகிறது. இந்த மொத்தப் பாடமும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. மாணவர்களுக்குக் காட்டும்போது அவசரப்படாமல் இரண்டு மூன்று தடவை காட்டுங்கள்.

துத்தநாக வில்லை திரவ நைட்ரஜனின் கொதிநிலையான 77 கெல்வினிலும் சும்மா தொங்கும். செம்புத் தளத்தில் துத்தநாகம் நுழைந்தால் மாறுநிலை வெப்பநிலை சதவீதத்துக்குச் சுமார் 10 கெல்வின் வீதம் விழுகிறது. மூன்று சதவீதத்தில் அது திரவ நைட்ரஜனின் கொதிநிலைக்குக் கீழே போய்விடும். துத்தநாகத்துக்குப் பதில் காந்தத் தன்மையுள்ள நிக்கலைச் சேர்த்தால் பாதிப்பு குறைவு என்பது இன்னும் வியப்பு. சாதாரண மீக்கடத்திகளில் காந்த அழுக்கு கொல்லும், காந்தமில்லாத அழுக்கு கொல்லாது. செம்பு ஆக்சைடுகளில் இணையின் வடிவமே வேறாக இருப்பதால் அந்த விதி இங்கே செல்லாது.

திரவ நைட்ரஜனைத் தொழில் வாயு முகவர்களிடம் டியூவர் என்ற, குளிர் காக்கும் இரட்டைச் சுவர்க் குடுவையில் வாங்கலாம். கால்நடை மருந்தகங்களில் உறைவிந்து வைத்திருக்கும் குடுவையில் இருந்து கேட்டு வாங்காதீர்கள். அதன் மட்டம் குறைந்தால் விவசாயிக்கு நஷ்டம். ஒரு நாள் வேலைக்கு 5 லிட்டர் போதும். திரவம் வாயுவாகும்போது ஏறத்தாழ 700 மடங்கு விரிவதால் குடுவையை இறுக்கி மூடக் கூடாது. வண்டியில் கொண்டுவரும்போது ஜன்னல் கண்ணாடிகள் திறந்தே இருக்கட்டும்.

குளிர்ந்த வில்லையை வெளியே எடுத்தால் நம் காற்றில் அது நொடியில் வியர்க்கும். அந்தத் தண்ணீர் 123 சேர்மத்தைச் சிதைத்து, மேலே வெள்ளையாகப் பேரியம் கார்பனேட்டைப் பூக்கவைக்கும். சோதனை முடிந்ததும் வில்லையைத் திரவத்துக்கு மேலே குளிர் நைட்ரஜன் ஆவியில் சில நிமிடம் தூக்கிப்பிடித்து, பிறகு விளக்கின் சூட்டில் உலர்த்தி டெசிகேட்டரில் போடுங்கள்.

இரண்டாவது சோதனை: நான்கு முனை மின்தடை

தட்டார் பட்டறையில் பயன்படும் மெல்லிய ரம்பத்தால், தண்ணீர் விடாமல், வில்லையில் இருந்து 10 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனத்தில் ஒரு பட்டையை அறுத்தெடுங்கள். மேற்பரப்பைச் சுரண்டிய உடனே வெள்ளிப் பசையால் நான்கு மெல்லிய செம்புக் கம்பிகளை ஒட்டுங்கள். ஓரத்து இரண்டில் மின்னோட்டம், உள்ளே உள்ள இரண்டில் மின்னழுத்தம். சுரண்டிவிட்டுச் சாப்பிடப் போய்வந்து ஒட்டினால் தொடுகை கெட்டுவிடும்.

பட்டையையும், பிடி-100 என்ற பிளாட்டினம் மின்தடை வெப்பமானி ஒன்றையும் ஒரே செம்புக் கட்டியில், மெல்லிய மைக்கா தாளுக்கு மேலே பொருத்துங்கள். பிடி-100 பனிக்கட்டி நீரில் 100 ஓம், திரவ நைட்ரஜனில் சுமார் 20.2 ஓம் காட்ட வேண்டும். 92 கெல்வினில் 26.7 ஓம் அளவில் இருக்கும். 100 மில்லியாம்பியர் செலுத்தி, ஒவ்வொரு அளவீட்டிலும் மின்னோட்டத் திசையை மாற்றிச் சராசரி எடுங்கள். அப்போதுதான் கம்பி முனைகளில் வெப்பத்தால் வரும் பொய் மின்னழுத்தம் கழியும். கட்டியை ஆவியில் மெல்ல இறக்கி நிமிடத்துக்கு ஒரு கெல்வின் வேகத்தில் குளிர்வியுங்கள். குளிரும்போது எடுத்த வரைகோடும் சூடாகும்போது எடுத்ததும் தள்ளித் தள்ளி நின்றால் வெப்பமானி பின்தங்குகிறது, வேகத்தைக் குறையுங்கள். இட்ரியம், கடோலினியம் இரண்டும் 90 கெல்வின் அருகே சுழிக்கு விழும். வாலை இழுத்துக்கொண்டு 80 வரை வந்தால் ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள்.

அடுக்கி வைத்துப் பார்த்தல்

மீக்கடத்திப் பட்டை மேல் காந்தத்தை வைத்தால் இரண்டு வேறு விளைவுகள் கலந்து வரும். ஒன்று காந்தத்தின் வெளிப்புலம். அது தொடாமலே இடைவெளியைத் தாண்டி எட்டும். மற்றது பரிமாற்ற விளைவு, எலக்ட்ரான் எல்லை தாண்டிப் போய்வருவதால் வருவது. அதற்கு நேரடித் தொடுகை வேண்டும். இரண்டையும் பிரிக்கும் வழி எளிது, பலர் செய்யாமல் விடுவதும் அதுதான்.

77 கெல்வினில் இட்ரியம் பட்டையில் மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போய், மின்னழுத்த முனைகளுக்கு நடுவில் சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோவோல்ட் எழும் இடத்தைக் குறியுங்கள். சில ஆம்பியர் வரும். பிறகு சிறிய ஃபெர்ரைட் காந்தத்தைப் பட்டை மேல் வைத்து அளவெடுங்கள். மின்னோட்டம் வெகுவாகக் குறையும், காரணம் பொடி மணிகளுக்கு இடையிலான பலவீன இணைப்புகளைச் சில மில்லிடெஸ்லா புலமே உடைத்துவிடும். அடுத்து நடுவே 0.05 மி.மீ. மைக்கா வைத்து மறுபடி அளவெடுங்கள். எண் ஏறத்தாழ அப்படியே இருக்கும். மைக்காவைத் தாண்டி எலக்ட்ரான் போக முடியாது. ஆகவே நீங்கள் பார்த்தது வெளிப்புலம் மட்டுமே. மி.மீ. கனமுள்ள பட்டைகளில் பரிமாற்ற விளைவைக் கண்டோம் என்று யார் எழுதினாலும் நம்பாதீர்கள்.

நானோமீட்டர் படலத்துக்குப் போகும்போது

பரிமாற்ற விளைவு எத்தனை தூரம் எட்டும் என்பதை ஒரு வர்க்கமூலக் கணக்கே சொல்லிவிடும். பிளாங்க் மாறிலியை இரண்டு பையால் வகுத்து, பரவல் குணகத்தால் பெருக்கி, பரிமாற்ற ஆற்றலால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். எலக்ட்ரான்கள் பரவும் வேகத்தைக் குறிக்கும் பரவல் குணகம் நொடிக்கு 5 சதுர செ.மீ., ஸ்பின்களை ஒரே பக்கம் திருப்பும் பரிமாற்ற ஆற்றல் 0.1 எலக்ட்ரான்வோல்ட் என்றால் விடை 1.8 நானோமீட்டர். ஆற்றல் 0.01 என்றால் 5.7 நானோமீட்டர். ஆகவே கோபால்ட்டு போன்ற வலுத்த காந்தத்தில் இணைகள் ஒன்றிரண்டு நானோமீட்டரிலேயே கரைந்துவிடும். செம்பும் நிக்கலும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி சேர்ந்த மெலிந்த காந்தத்தில் இன்னும் தூரம் போகலாம். இணைகள் உள்ளே போகும்போது வெறுமனே தேய்வதில்லை. குறி மாறி மாறி அலைபோல ஆடித் தேய்கின்றன. 2001இல் இயற்பியலாளர் ரியாசானோவின் குழுவினர் மீக்கடத்தும் உலோகமான நியோபியத்தின் அடுக்குகளுக்கு நடுவே செம்பு-நிக்கல் வைத்து, இணைப்பின் அலைக்கட்டம் தலைகீழாவதைக் காட்டியது இதனால்தான் முடிந்தது.

123 சேர்மத்தோடு படலம் வளர்க்க லாந்தனம் மாங்கனைட்டுகள் என்ற காந்த ஆக்சைடுகள் பொருந்தும். படிக அளவுகள் 0.38, 0.39 நானோமீட்டர் என்று ஒட்டிவருவதால் அடுக்கு பிளவில்லாமல் வளரும். ஆனால் 123இல் செங்குத்துத் திசையில் இணையின் நீளம் அரை நானோமீட்டர்கூட இல்லை. எல்லையில் ஓர் அணு அடுக்கு கெட்டாலும் விளைவு மறைந்துவிடும் என்பதால், முதல் முயற்சிக்கு நியோபியமே நல்லது.

இந்த வேலைக்குக் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், இந்தூரில் உள்ள யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பு போன்ற இடங்களை நாட வேண்டியிருக்கும். உலை நேரமும் திரவ ஹீலியமும் விலையானவை, எனவே போகும் முன் மாதிரிகளின் பட்டியலைச் சரியாக வகுத்துக்கொள்ளுங்கள். 25 நானோமீட்டர் நியோபியம் தனியாக ஒன்று. அதே கனத்தில் நியோபியம் மேல் காந்தம், 1 முதல் 10 நானோமீட்டர் வரை ஐந்தாறு கனங்களில். பிறகு நியோபியத்துக்கும் காந்தத்துக்கும் நடுவில் 5 நானோமீட்டர் அலுமினா வைத்த ஒன்று. எல்லாம் ஒரே நாளில், வெற்றிடத்தை உடைக்காமல் வளர்ந்திருக்க வேண்டும். நியோபியம் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை விழுங்கித் தன் மாறுநிலை வெப்பநிலையைத் தானே குறைத்துக்கொள்ளும்; தனி நியோபியம் மாதிரி இல்லாமல் அந்தக் குறைவை நீங்கள் காந்தத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

அலுமினா வைத்த மாதிரியிலும் மாறுநிலை வெப்பநிலை இறங்கினால் அது வெளிப்புலம். அலுமினா இல்லாதவற்றில் மட்டும் இறங்கினால் பரிமாற்றம். எல்லையில் உள்ள முதல் அரை நானோமீட்டர் காந்தமில்லாமல் செத்திருக்கலாம் என்பதால் கனத்தைக் காந்த அளவீட்டால் திருத்திக்கொள்ளுங்கள். கடைசியாக, மாறுநிலை வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, வெளிப்புலத்தை முன்னும் பின்னும் ஓட்டி மின்தடையை வரையுங்கள். காந்தம் திசை மாறும் புலத்தில் மட்டும் மின்தடை முகடாக எழுந்தால், காந்தக் களங்களின் (ஒரே திசையில் காந்தமான பகுதிகளின்) எல்லைகளில் இருந்து கசியும் புலமே நியோபியத்தைத் தாக்குகிறது. அப்போது காந்தத்தை ஒரே களமாக நிறைசெய்துவிட்டு, புலத்தைச் சுழிக்குக் கொண்டுவந்து, மறுபடி அளவெடுங்கள்.